ஏழுமலை அதைச் சூடு என்றுதான் நினைத்தான்

ஏழுமலை போய்விட்டான்.

காலையில் அவன் மனைவி செல்வி போன் செய்தது. "அண்ணே... உங்க ஆளு போயிட்டாருண்ணே." சரிம்மா, வர்றேன் என்று வைத்தேன். எதிரில் நின்ற பார்ட்டிக்கு உப்பு ரேட் சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

மரக்காணத்தில் என்னிடம் லோடு எடுத்தவர்களுக்கு அவனைத் தெரியும். லோடு மேஸ்திரி. பச்சைத் துண்டு, பெரிய குரல். மூட்டை ஏறி, தார்ப்பாய் கட்டி முடிந்ததும் லாரியின் பின்கதவை உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் வராமல் டிரைவர்கள் கியர் போட மாட்டார்கள்.

நானும் அவனும் உப்பளத்தில் ஒன்றாகக் கூடை தூக்கியவர்கள். நான் வியாபாரத்துக்கு வந்தபோது அவனையும் கூட்டுச் சேரக் கூப்பிட்டேன். "மழை பேஞ்சி உப்பு கரைஞ்சா யாரு அழுவுறது? நீ அழுவு. நான் மூட்டை ஏத்துறேன்" என்றான்.

பக்கத்தில் ஆள் இருந்தால் என்னை "மொதலாளி" என்பான். ஆள் நகர்ந்ததும் "டேய் குமாரு".

ரத்தப் புற்றுநோய். புதுச்சேரியில் கீமோ. முடியெல்லாம் கொட்டிப்போய் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னாடா மொறைக்கிற? பேரே ஏழுமலை. மொட்டை போட திருப்பதி வரைக்கும் போவணுமா?"

வெள்ளை அணு ரொம்பக் குறைந்திருக்கிறது, ஜுரம் வந்தாலும் வயிறு வலித்தாலும் உடனே வாங்க என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவன் ஜுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். தெர்மாமீட்டரும் கையுமாக இருந்தான். போன் செய்தால் ஹலோவுக்கு முன்னால் "நார்மல்" என்பான்.

வந்தது வயிற்று வலி. வலது பக்கம், அடிவயிற்றில்.

அளத்துக்காரனுக்கு வயிறு வலித்தால் அது சூடுதான். வெயிலில் நிற்கிற எல்லோருக்கும் வருவது. தொப்புளில் விளக்கெண்ணெய், ஒரு சொம்பு நீராகாரம், வயிற்றில் ஈரத்துணி. பொழுது சாய்வதற்குள் விட்டுவிடும். எனக்கே எத்தனையோ தடவை விட்டிருக்கிறது.

செல்வி கேட்டிருக்கிறது. "நீ எங்க வெயில்ல நின்ன? ஃபேனுக்கு அடியில படுத்துகினு இருக்கிற ஆளுக்கு சூடு எங்கருந்து வரும்? ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"உள்ள ஏத்துன மருந்து அவ்ளோவும் சூடுடி. ஜுரம் பாரு, நார்மல். எண்ணெயை எடு."

மறுநாள் வயிறு கல்லு மாதிரி. பேச்சு குளறியது. அப்போதுதான் எனக்கு போன் வந்தது. காரில் போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயசு. பொறுமையாகத்தான் சொன்னார். குடலில் எல்லோருக்கும் இருக்கிற கிருமிதானாம். தடுக்க வெள்ளை அணு இல்லாததால் குடல் வீங்கி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பில் சில சமயம் ஜுரம்கூடக் காட்டாதாம். "இப்ப வயித்தைத் திறந்தா தாங்க மாட்டாருங்க. மருந்துலதான் பாக்கணும்."

"நேத்தே வந்திருந்தா?" செல்வி கேட்டது.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். செல்வியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஐசியூவில் என்னை விட்டார்கள். கண்ணைத் திறந்தான். "மொதலாளி" என்றான். பக்கத்தில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"லோடு போச்சா?"

"போச்சு."

"தார்ப்பா கட்னானுங்களா?"

"கட்டிட்டாங்கடா."

அவ்வளவுதான். அப்புறம் மூச்சுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள்.

இன்று மதியம் ஆம்புலன்சில் ஏற்றினோம். செல்வி முன்னால் உட்கார்ந்தது. பின்கதவைச் சாத்தினேன். வண்டி நகரவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போலாமா சார்?"

என் கைதான் பின்கதவுக்குப் போனது. ரெண்டு தட்டு.

வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் எடுக்கிறோம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள். இன்றைக்கு லோடு கிடையாது.

எல்லாம் சரியா கட்டியிருக்குடா ஏழுமலை. நீ கிளம்பு.