துருவத்து ஆளுநருக்கு ரீஜனல் விசா

வட துருவத்தை ஒட்டிய ஒரு பனித்தீவுக்குக் காலனி ஆளுநராக அனுப்பப்பட்டவரைப் பற்றி நான் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காமல் செய்கிற வேலை. ஒருவருக்காவது அதில் அக்கறை வருமா என்று பார்க்க, சிட்னியின் கிரவீன் பகுதியில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் பேசினேன்.

அவருடைய சீருடை, கொடியேற்றம், தலைநகருக்கு எழுதிய நீண்ட அறிக்கைகள், கடைசியில் அங்கேயே இறந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தீவு மக்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் சீல் வேட்டைக்குப் போனதையும் சொன்னேன். கிரவீன் மக்களும் என்னை ஏறக்குறைய அப்படியே நடத்தினார்கள்.

கேள்வி நேரத்தில் முன்வரிசை அங்கிள் எழுந்தார்.

"தம்பி, அந்தாளுக்கு ரீஜனல் விசாவோ?"

பெருநகரத்துக்கு வெளியே சில வருடம் இருந்தால் நிரந்தரமாகத் தங்க வழிவிடும் விசா அது. மண்டபத்தில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்.

"கிட்டத்தட்ட ஓம் அங்கிள். திரும்பி வந்தாப் பெரிய பதவி எண்டு சொல்லி அனுப்பினவை."

"நான் டப்போ ஊரிலை விசாக் காலம் முடிஞ்ச அடுத்த கிழமையே சிட்னிக்கு வந்திட்டன். இவர் ஏன் சாகுமட்டும் அங்கை கிடந்தவர்?"

"மேலிடம் மறந்துபோச்சு. ஒருத்தரும் கூப்பிடேல்லை."

பின்வரிசை அன்ரி ஒருவர் கைபேசியைக் கீழே வைத்தார்.

"ஐயோ, பாவம் மனுசன். மனுசியாவது கூட இருந்தவவோ?"

இத்தனை காலம் ஆளுநரோடு குடித்தனம் நடத்திய எனக்கு அது தெரியவில்லை.

"பாத்துச் சொல்லுறன் அன்ரி."

"வாற மாசம் வந்து கேப்பன்."

அன்றிலிருந்து ஆளுநரின் மனைவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.