சும்மா நிற்கும் மூன்றாவது சர்வர்

அத்தானுக்கு, அதாவது என் அக்கா புருஷனுக்கு, ஆபீஸில் சர்வர் அறைதான் உலகம். ஏசி குளிருக்கு அங்கே போடுகிற ஸ்வெட்டரைக் கழற்ற மறந்து, வீட்டில் மின்விசிறிக்கு அடியில் வியர்த்து வழிவார். ஒரு சர்வரைப் பத்துக் கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்ய வைக்கிற மென்பொருள் அவர் பொறுப்பில். அதற்கு லைசென்ஸ் எண்ணுவதுதான் வேடிக்கை. அந்தப் பத்தை யாரும் எண்ணுவதில்லை. சர்வரின் சிப்பில் எத்தனை கோர், அதாவது எத்தனை மூளை, என்று எண்ணுவார்கள். எட்டுதான் இருந்தாலும் பதினாறுக்கு லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். இது கொள்ளை என்று நான் சொன்னால் அத்தானுக்குக் கோபம் வரும்.

ஆபீஸில் மூன்று சர்வர். இரண்டு ஓடும். ஒன்று பழுதானால் கைகொடுக்கத்தான் மூன்றாவது. "சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?" என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லியிருந்தார் அத்தான்.

திடீரென்று ஒருநாள் மென்பொருள் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒரு அம்மா வந்தார்.

"சும்மா நின்னாலும் சரி, ஓடினாலும் சரி. மென்பொருள் ஏத்தியிருந்தா நான் எண்ணுவேன்."

மேனேஜர் அத்தான் காதருகே குனிந்தார். "அபராதம் வந்துச்சுன்னா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

அந்த அம்மா மூன்றாவது சர்வரில் திரையை மாட்டினார். பச்சை விளக்கு ஜோராக எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. எதுவுமே ஏற்றப்படாத காலிப் பெட்டி! அப்போதுதான் அத்தானுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அதை மாட்டிய அன்று, கேஸ் தீர்ந்துவிட்டது என்று அக்கா போன் செய்திருந்தாள். மென்பொருளை நாளைக்கு ஏற்றலாம் என்று கிளம்பியவர், அந்த நாளையை அப்படியே மறந்துவிட்டார்.

அந்த அம்மா அந்த சர்வரை எண்ணாமலே கிளம்பினார். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்போ ரெண்டு வருஷமா நான் எதைய்யா நம்பி நிம்மதியா தூங்கினேன்?" நன்றாகத் திட்டினார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை.

அத்தான் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் செய்தார். நான் அக்கா பக்கத்தில்தான் இருந்தேன்; போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் பேசியதைக் கேட்டு எனக்கே பாவமாகிவிட்டது.

"அன்னைக்கு நீ மட்டும் கூப்பிடலைன்னா இன்னைக்கு என் வேலை போயிருக்கும்மா."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் தினமும்தான் கூப்பிடுறேன். அன்னைக்கு மட்டும்தான் வந்தீங்க."