எங்கள் கட்சியின் மிதவாதி

ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபம். மாநிலத் தலைவர் வேட்பாளர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் தொகுதி வந்ததும், தொகுதித் தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். வாசிக்கப்பட்டது வேறு பெயர். பாதி எழுந்தவர் அப்படியே முழுதாக எழுந்து நின்று, எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார். அதற்காகத்தான் எழுந்தார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய காது மடல் சிவந்தது தெரிந்தது.

சிம்பாங் ரெங்கத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய சேவை மையத்தில் நான் வேலை பார்த்தேன். ஒரு தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர். எங்களுடையது பழமையைக் கட்டிக் காக்கிற கட்சி. கோயில், தமிழ்ப்பள்ளி, குடும்பம் என்று மேடைக்கு மேடை பேசும். அதையெல்லாம் பேசாமல் வாழ்ந்துகொண்டிருந்தவர் தலைவர். தைப்பூச விரதத்தை ஓர் ஆண்டும் விட்டதில்லை. தமிழ்ப்பள்ளிக்கு எதிரே மதுக்கடை வரப்போகிறது என்றதும், பக்கத்திலிருந்த சூராவ் என்னும் சிறு பள்ளிவாசலின் இமாமையும் கூட்டிக்கொண்டு போய் அதிகாரிகளிடம் பேசித் தடுத்தார். மலாய்க்காரர்கள் வாழும் கம்பத்துக் கல்யாணங்களில் முதல் பந்தியில் அவருக்கு இடம் இருக்கும். தொகுதியில் நம்முடைய தமிழர் ஓட்டு கொஞ்சம்தான். மலாய்க்காரர்களும் சீனர்களும் போட்டுத்தான் அவர் ஜெயித்தார்.

பக்கத்துத் தோட்டம் கைமாறியபோதுதான் எல்லாம் தொடங்கியது. புதிய முதலாளி அங்கிருந்த அம்மன் கோயிலை எடுக்கச் சொன்னார். தலைவர் மாதக்கணக்கில் அலைந்து, பெரிய சாலை ஓரத்தில் வேறு நிலம் தர அவரைச் சம்மதிக்க வைத்தார். பட்டா கோயில் பெயரிலேயே வரும் என்றும் பேசி முடித்தார். அதைச் சொல்வதற்குக் கோயிலில் கூட்டம் போட்டோம். இளைஞர் பிரிவுத் தலைவரான வழக்கறிஞர் ஜொகூர் பாருவிலிருந்து வந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

“சாமி என்ன வாடகைக்கா குடியிருக்கு, காலி பண்ணுன்னா பண்றதுக்கு? ஒரு கல்லைக்கூட நகர்த்த விடமாட்டோம்! விட்டுக்கொடுத்தே பழகினவங்க வேணும்னா ஒதுங்கிக்குங்க!”

கூட்டம் அழுதது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதன் பிறகு நிலத்தைப் பற்றிப் பேச வாய் திறந்த தலைவரை யாரும் பேச விடவில்லை. கொள்கையில் உறுதியானவர் வேண்டும், மிதவாதி வேண்டாம் என்று வழக்கறிஞரை நிறுத்தத் தலைமையகம் முடிவு செய்தது அந்தக் கூட்டத்தின் காணொளியைப் பார்த்த பிறகுதான் என்று கேள்விப்பட்டேன்.

தலைமையகத்தார் சொன்னதில் உண்மையே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. தலைவர் நின்ற தேர்தலில் கொடி கட்ட இளைஞர்கள் வரவில்லை. “அவரு எல்லாத்துக்கும் ஆமாம் சாமி லா” என்று சிரிப்பார்கள். வழக்கறிஞர் நின்றபோது மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி வந்தன. ஊரெல்லாம் எங்கள் கொடி. ஆனால் அந்தக் கொடிகளைப் பார்த்துக் கம்பத்தில் கதவுகள் சாத்திக்கொண்டன.

தலைவர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வேட்பாளரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, தனக்கு ஓட்டுப் போட்டவர்களிடமெல்லாம் போய் நின்றார். தோட்டத்தில் வளர்ந்து தமிழ் பேசப் பழகிய சீனக் காப்பிக்கடைக்காரர், வேட்பாளரை வைத்துக்கொண்டே, தலைவரைப் பழைய சட்டமன்ற மரியாதையோடு ‘ஒய்பி’ என்று அழைத்துச் சொன்னார்: “ஒய்பி, நீ நிக்கிறேன்னா நான் போடும். இந்த ஆளு எப்பவும் கத்துது. எனக்குப் பயம் லா.” தலைவர் கடை முதலாளியிடம் சிரித்துக்கொண்டே, “நல்ல பையன்தான் தவுக்கே, பழகினா தெரியும்” என்றார். காரில் ஏறியதும் வழக்கறிஞர், “இவங்க ஓட்டுக்காக நான் வாயை மூடணுமா?” என்று கேட்டார். தலைவர் காரை எடுத்தார்.

தேர்தல் முடிவில் வைப்புத்தொகைகூட மிஞ்சவில்லை. “நம்ம ஆளுங்க ஓட்டு ஏறியிருக்கு, அதுதான் வெற்றி” என்று பேட்டி கொடுத்துவிட்டு வழக்கறிஞர் ஊர் திரும்பினார். தோட்ட முதலாளி, நகர மாட்டோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று சொல்லிச் சாலையோர நிலத்தை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். வழக்குப் போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. கோயில் இப்போது ஒரு லாரிப் பட்டறைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. அம்மனை அங்கே கொண்டுபோன அன்று வழக்கறிஞர் வரவில்லை. தலைவர் வந்து அம்மனை ஏற்றிய லாரியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கேட்டார்: “அன்னைக்கே நீங்க சண்டை போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?” தலைவர் அம்மனைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அடுத்த கட்சித் தேர்தலில் அவருடைய பதவியும் போனது.

போன ஆண்டு மாநில மாநாட்டுக்குப் போயிருந்தேன். வழக்கறிஞர் இப்போது மாநிலப் பொறுப்பில் இருக்கிறார். குரல் நன்றாகத் தணிந்திருக்கிறது. “கூச்சல் போடுறவங்களை நிறுத்திப் பிரயோஜனமில்லை. மூணு இனத்து வீட்டுலயும் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவங்களைத்தான் இனி நிறுத்தணும்” என்றார். தோற்ற தேர்தல்களிலிருந்து பாடம் கற்ற தொலைநோக்காளர் என்று அவரைப் பாராட்டினார்கள். எந்தத் தேர்தல், யார் தோற்க வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. தலைவருக்கு அழைப்புகூட அனுப்பியிருக்கவில்லை.

அங்கிருந்து நேராகத் தலைவரைப் பார்க்கப் போனேன். இப்போது மகள் வீட்டில், அடுக்குமாடியில் இருக்கிறார். வழக்கறிஞரின் பேச்சை ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர் கோபப்பட வேண்டும், ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

“சரியாத்தானேம்மா சொல்லியிருக்கான்” என்றார். “இப்பவாவது புரிஞ்சிருக்கு. நீ சாப்பிட்டியா?”

அந்த வழக்கறிஞரை நான் மன்னிக்கவில்லை. கட்சியையும் மன்னிக்கவில்லை. தலைவரின் அந்தப் பதிலையும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.