வெள்ளை இல்லை என்றது ரிப்போர்ட்

எங்கள் பக்கத்தில் அதற்குப் பாண்டு என்று பெயர். வெண்புள்ளி என்பதெல்லாம் டாக்டர்கள் எழுதுவது. எனக்கு முப்பத்திரண்டு வயதில் இடது கை விரல் நுனியில் ஆரம்பித்தது. இப்போது இரண்டு கைகளும் கழுத்தும் உதட்டோரமும் வெளுத்துவிட்டன. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. கல்யாண வீடுகளில் பெரியவர்கள்தான் என் பக்கத்து நாற்காலியை ஒரு தடவை பார்ப்பார்கள், பிறகு யாரையோ தேடுகிறவர்கள் மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். தொட்டால் ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போய், ஒரு கட்டத்தில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

என் கல்யாணம் நடக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், இந்த வீட்டில் நானும் ஒரு நாயும் மட்டும்தான். பகல் முழுக்க என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. நாலு மணிக்குத்தான் அது மாறும். பக்கத்து வீட்டு அக்கா தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு வருவாள். பால் விடாமல் இரண்டு கிளாஸ் கட்டன் சாயா போடுவேன். ஊர்வம்பு முழுக்க அரைமணி நேரத்தில் பேசித் தீர்ப்போம். சில நாள் அவளுடைய கிளாஸ் எது, என்னுடையது எது என்றே தெரியாமல் போகும். அவள் கைக்கு வந்ததை எடுத்துக் குடிப்பாள். பதினோரு வருஷம் அப்படி நடந்தது.

நாய் நல்ல கறுப்பு. காட்டாக்கடையில் ஒரு வீட்டிலிருந்து குட்டியாக எடுத்து வந்தபோது மார்பில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தது. போன வருஷம் அதன் மூக்கின் ஓரம் வெளுத்தது. அடுத்து கண்ணைச் சுற்றி, அதற்கப்புறம் முதுகில் திட்டுத்திட்டாக.

"டீச்சரே, டீச்சருக்க கிட்டயிருந்து பகர்ந்ததா இருக்குமோ?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். ஒட்டிக்கொள்வதை எங்கள் பக்கத்தில் பகர்வது என்போம். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவளுடைய மகள் பிரசவத்துக்கு வந்தாள். அன்றிலிருந்து அக்கா வரவில்லை.

ஐந்து நாள் இரண்டு கிளாஸ் சாயா போட்டேன். ஆறாவது நாள் அவளே மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "மவளுக்க வயித்துப் பிள்ளையாக்கும். தப்பா நெனைக்கப்பிடாது," என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. தப்பாகத்தான் நினைத்தேன். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நம்பி பதினோரு வருஷம் என் எச்சில் கிளாஸில் குடித்தவள், ஒரு நாயின் மூக்கைப் பார்த்து டாக்டரை விட்டுவிட்டாள். உள்ளே வந்து பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தம் போட்டுக் கழுவினேன்.

நெய்யாற்றின்கரை மிருக டாக்டர் நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பகரில்லா டீச்சரே," என்றார்.

"அதை எழுதித் தருவீங்களா?"

"இதுல என்ன எழுதுறது?"

அவர் இளவயதுக்காரர். வாய்ச்சொல்லுக்கும் பேப்பருக்கும் எங்கள் ஊரில் உள்ள வித்தியாசம் தெரியாது. நாய்களின் வெள்ளை நிறத்துக்கு ஜீன் டெஸ்ட் உண்டு என்று பேச்சோடு பேச்சாக அவர்தான் சொன்னார். அது பிறவி வெள்ளையை மட்டும்தான் காட்டும், உங்களுக்குப் பிரயோஜனப்படாது என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். மார்பில் குட்டியிலேயே புள்ளி இருந்ததே! பிறவியில் இருந்த வெள்ளைதான் மெல்லப் பரவுகிறது என்று ஒரு லாப் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், நாய்க்கு என்னிடமிருந்து எதுவும் வரவில்லை என்று ஆகிவிடும். அக்கா வந்துவிடுவாள்.

டெஸ்டுக்கான பஞ்சுக்குச்சி தபாலில் வந்தது. அதைக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, காயவைத்து, உறையில் போட்டு அனுப்ப வேண்டும். நாய் அதைத் தின்பண்டம் என்று நினைத்து முதல் குச்சியைக் கடித்துத் துண்டாக்கியது. இரண்டாவது குச்சிக்கு அதன் தலையை மடியில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யாரிடமும் பேசாத பேச்செல்லாம் பேசினேன்.

ரிப்போர்ட் போனுக்கு வந்தது. பிறவி வெள்ளைக்கான ஜீன் இல்லை. டாக்டரிடம் போனில் கேட்டேன். "மார்பில் உள்ள சின்னப் புள்ளி சில குட்டிகளுக்குச் சும்மாவே வரும். மற்ற வெள்ளை எல்லாம் பின்னால் வந்தது, டீச்சருக்கு வந்ததுபோலத்தான். அதுக்குத் தனியா வந்தது, உங்களுக்குத் தனியா வந்தது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லை," என்றார்.

போனை வைத்துவிட்டு நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சம்பந்தமில்லையாம்! வெளுத்த என் கையை அதன் வெளுத்த மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் என்னைப்போல இன்னொரு ஜீவனோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை. ஒரு வாயில்லாப் பிராணிக்கு நோய் வந்ததற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள். வாழ்த்துச் சொல்லப் போனபோது, கம்ப்யூட்டர் கடையில் பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோனேன். இது பாண்டுதான், ஆனால் பகராது என்று முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் தீர்மானம். நான் வாய் திறப்பதற்குள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை வாங்கிவிட்டாள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வெள்ளை இல்லேன்னுல்லா எழுதியிருக்கு! அப்போ பட்டிக்குப் பாண்டு இல்ல!"

அவள் பட்டி என்ற நாய் என் காலடியில் நின்றுகொண்டிருந்தது, பாதி முகம் வெள்ளையாக.

முப்பது வருஷம் பிள்ளைகளின் பிழையைத் திருத்தியவள் நான். ஒரு ஒற்று விட்டுப்போனால்கூட சிவப்பு மையில் வட்டம் போடுவேன். "இல்லை அக்கா, அதற்கு அர்த்தம் வேறு," என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது.

"பாவம் டீச்சரு," என்று அக்கா என் தோளைத் தொட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் கை என்மேல் பட்டது. "இந்தப் பட்டியையும் சேத்து நான் சந்தேகப்பட்டுட்டேன். டீச்சருக்கு மட்டும்தான் உண்டு, இல்லியா?"

"ஆமா அக்கா. எனக்கு மட்டும்தான்."

"நாளைக்கு நாலு மணிக்கு வாறேன்."

சொன்னபடி வந்தாள். இப்போது தினமும் வருகிறாள், பேத்தியையும் தூக்கிக்கொண்டு. சாயா குடிக்கிறோம், வம்பு பேசுகிறோம். குழந்தையின் பிஞ்சுக் கையைப் பிடித்து நாயின் வெளுத்த நெற்றியில் வைத்துத் தடவ விடுகிறாள். நாயும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிறது. ஒரு நாள் குழந்தை என் பக்கம் கையை நீட்டியது. அக்கா குழந்தையை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, மழை வரும்போல இருக்கு என்றாள்.