காளானுக்குப் போட்ட மெட்டி

இன்றும் எங்கள் வீட்டில் காளான் சமைத்தால் முதல் வாய் எனக்குத்தான். ஆசையினால் அல்ல. தின்றுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவர்கள் சாப்பிடலாம். "அத்தை, இது பசார்ல பாக்கெட்ல வாங்கினதுலா," என்று மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். பாக்கெட்டில் போட்டவன் யார் என்று அவளுக்குத் தெரியுமா?

இந்தச் சந்தேகம் என்னைப் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. ஜப்பான்காரன் காலம். ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் யான் என்ற ஊரில் நெல் விளைந்தது. இந்தப் பக்கம் நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தையும் கிழங்குக் கிடங்காக்கிவிட்டார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு கிழங்கு மூட்டைக்கு அடியில் போயிற்று.

ரயில் பாதை போட அப்பாவைச் சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆள் போன வீடுகளுக்கு வாரம் ஒரு பால் டின் அரிசி கொடுத்தார்கள். போன ஆள் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான். அந்த ஒரு டின்னைத்தான் அம்மா நாலு வயதுத் தம்பிக்கு ஏழு நாளும் கஞ்சியாக்கினாள். கிழங்கு அவன் வயிற்றில் தங்கவில்லை.

புரட்டாசி பிறந்து நாலைந்து மழை பெய்திருந்தது. ஒரு நாள் காலை அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு விறகுக்கும் கீரைக்குமாகக் காட்டுக்குள் போனாள். ரப்பர் மரங்கள் முடிந்து காடு அடர ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு புற்று. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் காளான், குடை விரித்தும் விரிக்காமலும். முதலில் பார்த்தது நான்தான். பார்த்த வேகத்தில் விரலை நீட்டிவிட்டேன். காளானை விரல் நீட்டிக் காட்டினால் கெட்டுப்போகும் என்பார்கள். அவசரமாக விரலைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அப்போதுதான் புற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் எழுந்து நின்றான். எங்கள் தோட்டத்து ஆள் இல்லை. இடுப்பில் கோணிச் சாக்கு. முழங்கால் வரை புண். அப்பாவின் பேரைச் சொல்லி, "நீங்க அவரு வீடுதானா தங்கச்சி?" என்று கேட்டான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "தம்பியக் கூட்டிக்கிட்டு அந்தப் பலா மரத்துக்கிட்ட போய் நில்லு."

நின்றேன். பேச்சு கேட்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். அம்மா மடியில் இருந்த அவித்த கிழங்கை அவனிடம் கொடுத்தாள். அவன் காட்டுக்குள் போன பிறகும் புற்றின் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். பிறகு காளானைப் பறித்தாள்.

அந்தப் பறிப்புதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா காளானில் கெட்டிக்காரி. குடையைத் திருப்பி அடியைப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், புழு அரித்திருக்கிறதா என்று தேடுவாள். "புழு தின்னா நாமளும் திங்கலாம்," என்பாள். அன்று ஒன்றையும் திருப்பிப் பார்க்கவில்லை. களை பிடுங்குவதுபோல் பிடுங்கி முந்தானையில் போட்டாள். வழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "காட்டுல நாம யாரையும் பாக்கல. வெளங்குதா?"

விளங்கவில்லை. அந்த ஆள் காளானில் எதையோ தடவியிருக்கிறான் என்று வீடு வருவதற்குள் நானாக முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா காளான் சமைத்தால் கால் மெட்டியில் ஒன்றைக் கழற்றி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சட்டிக்குள் போடுவாள். விஷம் இருந்தால் வெள்ளி கறுக்குமாம். கறுக்காவிட்டால் மறுபடியும் மாட்டிக்கொள்வாள். "காளானைவிட மெட்டிதான்க்கா நல்லா வெந்திருக்கு," என்று அம்மா கேலி செய்வாள். அம்மா ஒரு நாளும் அப்படிச் சோதித்ததில்லை.

அன்று சோதித்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது வாசற்படியில் உட்கார்ந்து, விரல்களை நனைத்து, திருகித் திருகி மெட்டியைக் கழற்றினாள். ஒன்றை அல்ல, இரண்டையும். தேய்க்கவும் இல்லை. செம்மண்ணும் அழுக்கும் ஏறி ஏற்கனவே கறுத்திருந்ததை அப்படியே சட்டிக்குள் போட்டாள். கறுத்த வெள்ளி இனி எப்படிக் கறுக்கும்? இது பொய்ச் சோதனை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கும் தம்பிக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல," என்றாள். ஜப்பான் காலத்தில் யாரும் சொல்லி நான் கேட்டிராத சொல் அது. தம்பி காளானை வாய்க்குக் கொண்டுபோனான். நான் அவன் தட்டைத் தட்டிவிட்டேன்.

அம்மா கையை ஓங்கினாள். அடிக்கவில்லை.

"என்னாடி?"

"வெசம்."

"யாரு சொன்னா?"

"நீ திங்கலியே."

அம்மா தரையில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், கழுவினாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். "பாத்துக்க. செத்தா போயிட்டேன்?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விஷம் ஏறுகிறது என்றே நினைத்தேன்.

அம்மா சாகவில்லை. தம்பியும் தின்றான், பிறகு நானும் தின்றேன். சாயங்காலம் அம்மாவின் விரல்களில் மெட்டி இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. "போட்டுக்கம்மா," என்றேன்.

"இருக்கட்டும். அடுத்த மழைக்குக் காளான் மொளைக்கும், அப்ப தேவைப்படும்," என்று ஒரு டின்னில் போட்டுப் பரண் மேல் வைத்தாள்.

அரிசி கொடுக்கும் நாள் வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வழக்கம்போல், "புருசன்கிட்டேருந்து தகவல் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வரலீங்கய்யா."

வரிசையில் நின்ற ஒருத்தி அம்மாவின் காலையே பார்த்தாள். பெரியம்மாதான் உரக்கச் சொன்னாள்: "காளானுக்குப் போட்டாளாம்டி. என்னைய என்னா கேலி பண்ணா, இப்ப ரெண்டையும் அவுத்துப் போட்டிருக்கா பயந்தாங்கொள்ளி." எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். டின் நிறைந்தது.

சண்டை முடிந்து, சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து, அப்பா எப்போதோ காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்ன அன்றுதான் அம்மாவின் தாலி இறங்கியது. லயமே கூடி அழுதது. மெட்டியைக் கழற்றக் குனிந்த பெரியம்மா, அந்த வெறும் காலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். புற்றின் பக்கத்தில் அந்த ஆள் சொன்னது என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தாலியைக் கழற்றியிருந்தால் அரிசி நின்றிருக்கும். மெட்டியைக் கழற்றக் காளான் இருந்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஐப்பசி மழையில், அதே புற்றில் மறுபடியும் காளான் முளைத்தது. அம்மா பறித்து வந்து சமைத்தாள். பரண் மேல் இருந்த டின்னை எடுக்கவே இல்லை. மெட்டியைப் போட மறந்துவிட்டாளே என்று எனக்கு ஒரே பதைப்பு. தம்பியின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முதல் வாயை நான் தின்றுவிட்டுக் காத்திருந்தேன்.