படத்தில் எழுத்து இருந்தால்

திருச்செங்கோட்டில் நான் வேலை பார்க்கும் ரிக் கம்பெனி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி வசந்தாமணியுடையது. அவளுக்குக் கண் பார்வை போய்ப் பல வருஷம் ஆகிறது. வெளிமாநிலங்களில் போர்வெல் போடும் எங்கள் ரிக் வண்டிகளிலிருந்து வரும் மெயிலையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். பார்க்கிறாள் என்றே எழுதுகிறேன். அவளும் அப்படித்தான் சொல்வாள். யாராவது திருத்தப் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அவள் கம்ப்யூட்டரில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரை, வெறும் எழுத்து. அதை ஒரு குரல் அவள் காதில் படித்துச் சொல்லும். அந்த மெயில் புரோகிராமுக்குத் தானாக எதுவும் பெரிதாகச் செய்யத் தெரியாது. ஆனால் வேலைக்குத் தகுந்த ஆளைக் கூப்பிடத் தெரியும். பதில் எழுத வேண்டுமென்றால் எழுதுகிற புரோகிராமை எழுப்பிவிட்டு, அது முடிக்கும்வரை சும்மா காத்திருக்கும். பிறகு தன் வேலையைத் தொடரும். நல்ல மேஸ்திரிக்கு இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்?

படம் வந்தால் அதிலுள்ள எழுத்தைப் படிக்கும் புரோகிராமைக் கூப்பிடச் சொல்லி அவளே ஒரு வரி எழுதி வைத்தாள். முதலில் ஒன்றும் சரிப்படவில்லை. வந்த ஆள் படத்தைத் திறப்பதற்குள் நம் மெயில் மேஸ்திரி அவசரப்பட்டு அதை அழித்துக்கொண்டிருந்தார். 'காத்திரு' என்று அந்த வரியில் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தேன்மிட்டாய் கிடைத்தது. ஒரே குறை, எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தால்தான் அது படிக்கும். ஆள் முகமெல்லாம் அதற்குத் தெரியாது.

அவள் வீட்டுக்காரர் தனபால் எங்கள் வண்டி ஒன்றில் டிரில்லர். சத்தீஸ்கர் காட்டுக்குள் கேம்ப், போன் சிக்னல் கிடையாது. போன மாதம் அந்தக் கேம்பில் மலேரியா என்று செய்தி வந்தது. தனபாலுக்கு ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறார் என்று மேனேஜர் சண்முகவேல் அவளிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. முன்பு ஒரு தடவை தனபால் கை துளை போடும் ராடில் சிக்கி உடைந்தபோதும் இவர் இதையேதான் சொன்னார். மாவுக்கட்டோடு அவர் வீட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பார்வையில்லாதவளிடம் நல்லதை மட்டும் சொல்வது புண்ணியம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் புண்ணியவான்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளோ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். வேலையைச் செய்துகொண்டு, ஒவ்வொரு மெயில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு மத்தியானம் கேம்ப் பொறுப்பாளர் டவுனுக்கு வந்து மெயில் போட்டிருந்தார். ஒரு வரிகூட எழுதவில்லை, ஒரே ஒரு படம். சண்முகவேலுக்கும் அதே மெயில் வந்திருந்தது. அவர் எழுந்து வசந்தாமணியிடம், "நான் பாத்துச் சொல்றேன் சாமி" என்றார்.

"வேண்டாங்க. நானே பாத்துக்கறனுங்க."

விசையைத் தட்டினாள். மேஸ்திரி ஆளைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். காதில் என்ன கேட்டதோ, அவள் முகம் அசையவில்லை. பிறகு இயர்போன் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் தட்டினாள். பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வசந்தா. காச்சல் எனக்குந்தான். ரொம்ப முடியாமப் போச்சு. இப்ப உட்டுருச்சு. சோறு எறங்குது. நடக்கத்தான் முடியல. நெசத்தத்தான் எழுதறேன்."

சண்முகவேல் தன் திரையில் படத்தைத் திறந்தார். நானும் போய்ப் பார்த்தேன். தனபால் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் உட்கார்ந்து, பழைய பிளக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவள் எப்போதோ சொல்லியிருந்தபடி, ஸ்கேல் வைத்து அச்சடித்த மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்திருக்கிறார். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று பிடித்ததில் அவர் முகம் பாதி மறைந்துவிட்டது.

வசந்தாமணி கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. சண்முகவேல் இருந்த பக்கம் திரும்பினாள்.

"நடக்க முடியலைங்கறாருங்க. கூட்டிட்டு வர ஆள் அனுப்புங்க."

சண்முகவேல் போனை எடுத்தார்.