இன்னும் நோகேல்லை

என் பெருவிரலை மடக்கினால் மணிக்கட்டில் போய் ஒட்டும். காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் மாட்டுவேன். உப்புவெளியில் நான் வேலை செய்கிற விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர் இதைப் படம் பிடிக்காமல் போனதில்லை. கடவுள் எல்லோருக்கும் எலும்பைக் கொடுத்தார், எனக்கு மட்டும் இடியப்பத்தை வைத்து ஒப்பேற்றிவிட்டார் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். வித்தை முடிந்தபின் வருகிற நோவை மட்டும் ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

தோள் நோவோடு போன ஆஸ்பத்திரியில் டொக்டர், "வளைச்சுக் காட்டும்" என்றார். பார்க்க ஆள் கிடைத்ததும் எனக்கு உசார் வந்துவிட்டது, கேட்காததையும் காட்டினேன். "போதும், போதும்! இனி ஒருத்தருக்கும் இதைக் காட்டக்கூடாது" என்று கையைப் பிடித்துவிட்டார். உடம்பைக் கட்டிவைக்கிற இழையம் பிறவியிலேயே தளர்வாம். மாற்ற ஏலாதாம். தொற்றவும் மாட்டாதாம்.

தோளுக்குப் பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபி அக்கா ஒரு விதியும் சொன்னா. "நோ வந்தாப் பிறகு நிப்பாட்டிப் பிரயோசனமில்லை, தம்பி. நோக முந்தி நிப்பாட்டுங்கோ. கொஞ்சம் இருந்துபோட்டுத் திரும்பத் தொடங்குங்கோ."

"நோகேல்லை எண்டா ஏனக்கா நிப்பாட்டுவான்?"

"இப்பிடிக் கேட்டுக் கேட்டுத்தானே இஞ்ச வந்து நிக்கிறியள்."

சொல்லிவிட்டா. கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற கரைவலை அவவுக்குத் தெரியாது. விடுதிச் சம்பளம் எங்கள் வீட்டுக் குசினியில் பாதியைத்தான் நிரப்பும். மீதி, விடியற்காலையில் வலை இழுத்துக் கிடைக்கிற மீன்பங்கு. வலையின் மீன் நிறைந்த பையான மடி மணலைத் தொடும்வரை கயிற்றை விடக்கூடாது என்பது கரைச் சட்டம். இடையில் விட்டவனுக்குப் பங்கில்லை. நாளைக்கு வரிசையில் இடமுமில்லை. ஆகவே நான் தோள்மூட்டுக் கழலும்வரை இழுப்பேன். கழன்றதும் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் ஓடிவந்து, கதவுக்குக் கொண்டி போடுவதுபோலத் திருப்பி மாட்டிவிடுவார்கள். பிறகு கிழமைக்கணக்கில் பாயில் படுக்கைதான்.

அக்கா சொன்னதற்குப் பிறகு வந்த முதல் காலை. மடி இன்னும் தூரத்தில். தோள் நன்றாகத்தான் இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு மணலில் குந்தி இருந்தேன்.

எனக்கு முன்னால் நின்ற மனைவியின் தம்பி திரும்பினான். "என்னத்தான், மீன் வரமுந்தியே குழம்புக்குக் காவலோ?"

"இல்லையடா. இன்னும் நோகேல்லை. அதுதான் விட்டனான்."

சிரிப்பு கயிறு நீளத்துக்கும் ஓடியது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வந்து என் தலைக்கு மேல் நின்றார்.

"நோகுதெண்டு விட்டவனைக் கண்டிருக்கிறன். நோகேல்லை எண்டு விட்டவனை இண்டைக்குத்தான் காணுறன். எழும்பு, இல்லாட்டி வீட்ட போ. நாளைக்கும் வராத."

என் வாய்தானே, சும்மா கிடக்குமா?

"அண்ணை, என்ர தோள் கழண்டா எத்தினை பேர் கயிறை விடுகினம்?"

"ரெண்டு பேர்."

"என்னோட மூண்டு. அதுவும் மடி கரைக்கு வாற நேரம். இப்ப ஒராள்தான் இருக்கிறன். கொஞ்சத்தில எழும்பிடுவன்."

சம்மாட்டி கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மருத்துவம் அவருக்கு ஏறவில்லை. ஆள் கணக்கு ஏறிவிட்டது.

"இருந்து தொலை. சும்மா இராமல் வாற கயிறைச் சுத்து."

சுற்றினேன், எழும்பி இழுத்தேன், திரும்பக் குந்தினேன். மடி கரைக்கு வந்தபோது என் தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. என் பையில் கீரிமீன் விழுந்தது, மற்றவர்களுக்கு விழுந்த அதே அளவு.

அடுத்த காலை நான் மணலில் குந்தியதும் மைத்துனனும் கயிற்றை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து சாய்ந்தான். "எனக்கும் இன்னும் நோகேல்லை அத்தான்."

சம்மாட்டி தூரத்திலிருந்தே கத்தினார். "எழும்படா! அவனுக்குத் தோள் கழரும். உனக்கென்ன கழரும்?"

டொக்டர் தொற்றாது என்றுதான் சொன்னவர். நான் கயிற்றைச் சுற்றினேன்.